சபையில் ஒரே நாற்காலி

சுந்தர்ராமன் அன்றைக்குக் காபியை நின்றுகொண்டே குடித்தார்.

வேறு வீடாக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ருக்கு கவனித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்து வருகிற மனிதர், வெளியே போய்விட்டு வந்தால் கூடத்து ஜன்னலோரம் கிடக்கும் பிரம்பு சோபாவில் பொத்தென்று விழுவார். விழுந்த பிறகுதான் காலில் செருப்பு இருக்கிற ஞாபகம் வரும். அதிலும் இப்போது அந்தக் காலில் புண். சர்க்கரை வியாதிக்காரர், இடது பெருவிரலுக்கு அடியில் வந்த புண் ஆடி மாசத்திலிருந்து ஆறாமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை டாக்டர் அவரை விட்டுவிட்டு ருக்குவைப் பார்த்துத்தான் சொன்னார்: "நிக்க விடாதீங்கம்மா. நின்னார்னா விரல் போகும். அப்புறம் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்." அன்றையிலிருந்து ருக்குவின் முழுநேர வேலை, புருஷனை உட்கார வைப்பது.

"ஏன்னா, உட்காருங்கோளேன்."

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? அது கால்தானே, கல்லு இல்லையே?"

அவர் காலி டம்ளரை அவளிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டார். வெளியே மழை விட்டிருந்தது. தெற்கு ரத வீதியில் டவுன் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது. அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. அசதியாக இருக்கும், ஸ்ரீவைகுண்டம் கூட்டத்தில் பேசிவிட்டுப் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறார் என்று ருக்கு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தோளில் கிடந்த சால்வையை எடுத்தாள்.

எடுக்கும்போதே கை தாழ்ந்தது. அப்படி ஒரு கனம்.

சால்வை அந்த வீட்டுக்குப் புதிதல்ல. சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுகிறவர், போன இடத்திலெல்லாம் ஒன்று போர்த்துவார்கள். பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான். இந்தக் கூட்டத்தில் வாங்கினதை அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்குப் போர்த்துவது ஊர் வழக்கம். ஜில்லாவுக்கே மொத்தம் நாற்பது சால்வைதான், அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் இது அந்த நாற்பதில் ஒன்றாக இருக்க முடியாது. காய்ந்த ரத்தம்போலக் கறுத்த சிவப்பில் பட்டு, கரை முழுக்கத் தங்க நூலில் கோணல்மாணலாக ஏதோ எழுத்து. முகர்ந்து பார்த்தாள். இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் புகை, அதற்கடியில் நனைந்த ஆட்டு ரோமம், அதற்கும் அடியில் பல காலம் திறக்காத இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற துரு வாடை.

மரியாதைக்குப் போர்த்தியதைத் தரையில் போடக்கூடாது. ஈர வாடையோடு பீரோவில் வைக்கவும் முடியாது. கூடத்தின் நடுச்சுவரை ஒட்டி, வக்கீலாக இருந்த அவள் மாமனாரின் தேக்கு நாற்காலி கிடந்தது. இப்போது யாரும் அதில் உட்காருவதில்லை. ருக்கு சால்வையை அதன் முதுகில் போர்த்தினாள். சுருக்கம் விழாமல் இருக்கட்டும் என்று இரண்டு முனைகளையும் இழுத்துக் கைப்பிடிகளின் மேல் விட்டாள். திருநெல்வேலியில் எந்த வீட்டிலும், எந்தப் பெண்ணும், யோசிக்காமல் செய்கிற காரியம்.

திரும்பிப் பார்த்தபோது சுந்தர்ராமன் நாற்காலியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தலை கொஞ்சம் குனிந்திருந்தது.

அந்த நிலையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவும்போது நினைவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவர் பிரம்பு சோபாவில் சாய்ந்து, மடிக்கணினியைத் தொந்தியின் மேல் நிறுத்திக்கொண்டு, பேசப்போவதை அவளிடம் ஒத்திகை பார்த்தார். இடைக்கால அரசவைகளில் கலையும் அதிகாரமும் என்று தலைப்பு. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சுல்தானானாலும் சரி, சிலுவை போட்ட ராஜாவானாலும் சரி, படம் ஒண்ணுதான் ருக்கு. சிசிலின்னு ஒரு தீவு. ராஜா கிறிஸ்தவன். அவன் கோயில் கூரையில படம் போட்டவா முஸ்லிம் ஓவியர்கள். ராஜாவை எப்படிப் போட்டா தெரியுமோ? சுல்தான் மாதிரி சம்மணம் கட்டிண்டு, கையில கிண்ணத்தோட. அவன் அங்கியோட கரையிலயும் அரபு எழுத்து. அதிகாரம்னா அப்படித்தான் இருக்கும்னு அந்தக் காலத்துல எல்லாரும் நம்பினா."

திரையில் வந்த படத்தில் நடுவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், மற்றவர்களைவிட மூன்று மடங்கு பெரிதாக. பக்கத்தில் ஒருத்தி விசிறி பிடித்தாள். வாசலில் காவலாள். எதிரே கைகட்டி ஒரு பிரபு. காலடியில் நெற்றியைத் தரையில் ஒட்டிக்கொண்டு ஏதோ யாசிக்கிற ஓர் உருவம்.

"ஏன் இவாள்லாம் இத்தனை குட்டியா இருக்கா?"

"அவா குட்டி இல்லே. அவர் முன்னாடி நிக்கறா, அதனால குட்டி." அவர் சிரித்தார். "ராஜா மரியாதைக்கு ஒருத்தனுக்கு அங்கி போர்த்துவார், நம்ம சால்வை மாதிரி. ஆனா சபையில நாற்காலி ஒண்ணுதான். அங்கி கொடுத்தவருக்கு அது. வாங்கிண்டவன் நிக்கணும். அவரா மனசு வச்சு உட்காருன்னு சொன்னாத்தான் உண்டு."

அந்தப் பிரபு நின்ற மாதிரிதான் இப்போது கூடத்தில் இவர் நிற்கிறார். விளையாட்டா? ருக்குவுக்குக் கோபம் வந்தது. கோபம் நல்லது, பயத்துக்கு இடம் விடாது. தானாக வந்து படுத்துக்கொள்ளட்டும் என்று போய்ப் படுத்தாள்.

ஆனால் விடிந்து பால் பாக்கெட்டை எடுக்க அவள் கூடத்துக்கு வந்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அதே இடம், அதே கை. படுக்கையில் அவர் பக்கம் கசங்கவே இல்லை என்பது அப்போதுதான் அவள் மூளைக்கு எட்டியது. இடது காலில் சுற்றிய துணி ஊறிப்போய், மொசைக் தரையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்டம் பரவியிருந்தது.

"ஐயோ, என்னன்னா இது! உட்காருங்கோ! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உட்காருங்கோ!"

அவர் தோளைப் பிடித்து அமுக்கினாள். முழங்காலின் பின்பக்கம் தன் முழங்காலை வைத்து இடித்தாள். மடங்கவில்லை. சோபாவை இழுத்து அவர் பின்னால் போட்டாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க உட்காரப்படாது ருக்கு," என்றார் மெல்ல. "பார்த்துண்டிருக்கார்."

"யாரு?"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சொல்லக்கூடாது என்று யாரோ கண்ணைக் காட்டியதும் குழந்தை வாயை மூடிக்கொள்ளுமே, அப்படி மூடிக்கொண்டார்.

டாக்டருக்குப் போன் போட்டாள். கூட்டி வாருங்கள் என்றார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளை குருபிரசாத்துக்குப் போட்டாள். அப்பாவை உட்காரச் சொல்லும்மா என்று அருமையான யோசனை ஒன்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போனான். கடைசியில் ஸ்ரீவைகுண்டம் வாசகர் வட்டத்துச் செயலாளர் பாபநாசத்துக்குப் போட்டாள். அங்கே இவருக்கு என்ன ஆயிற்று, மயக்கம் கியக்கம் வந்ததா, இந்தச் சால்வையைப் போர்த்தியது யார் என்று கேட்கவேண்டும்.

"யம்மா, நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேன்," என்றார் பாபநாசம். "சார் ஏன் வரல? சனமெல்லாம் காத்துக் கெடந்து எந்திரிச்சுப் போச்சு. போனும் எடுக்கல. ஒடம்புக்கு ஏதும் முடியலியா?"

ருக்கு போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நேத்து எங்க போனேள்?"

"சபை நிறைஞ்சிருந்தது," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

முத்துராணி வேலைக்கு வந்தாள். வழக்கம்போல மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவிலிருந்து மகள் படிப்பு வரைக்கும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே வாசல் தெளித்தவள், துடைப்பத்தோடு கூடத்துக்குள் காலை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். ருக்கு அடுப்படி நிலையில் நின்று பார்த்தாள். முத்துராணி குனிந்து பெருக்குகிறாள். நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுப் பெருக்குகிறாள். பெருக்கி முடித்ததும் திரும்பாமல், முகம் நாற்காலியைப் பார்த்தபடி இருக்க, பின்பக்கமாகவே நடந்து அடுப்படிக்குள் வந்தாள். சந்நிதியிலிருந்து வெளியே வருகிறவர்கள் நாலடி அப்படி வருவதுண்டு. ஆனால் இது கோயில் இல்லை.

"ஏண்டி முத்துராணி, பின்னாடியே நடந்து வரே?"

"நானா? நான் எங்க மாமி அப்படி வந்தேன்?" அவள் முகத்தில் பொய் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குப் பெரியவுக யாரும் வந்திருக்காவளா? வெத்தலை வாங்கிட்டு வரட்டுமா?"

ருக்கு போனில் கூப்பிட்டு, மத்தியானம் அலி அக்பர் வந்தார். கல்லூரியில் அரபு மொழிப் பேராசிரியர், மேலப்பாளையத்துக்காரர், சுந்தர்ராமனுக்குப் பிள்ளை மாதிரி. அவர் வந்தால் வீடே இரண்டாகும். வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு நேரே போய் சோபாவில் உட்காருவார். அன்றைக்கு நிலைப்படியைத் தாண்டவில்லை. சால்வைக் கரையில் இருப்பது என்ன எழுத்து, அதையாவது சொல்லுங்கள் என்று ருக்கு கெஞ்சினாள். அவர் அங்கிருந்தே போனை நீட்டிப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்தார்.

"இது அரபு இல்ல மேடம். அரபு மாதிரி இருக்கு. எழுதினவங்களுக்கு எழுத்தே தெரியாது. பாத்தா பயம் வரணும், மரியாதை வரணும், அதுக்காக இழுத்த கோடு. அந்தக் கால ராஜாக்கள் துணியில இப்படி நிறைய உண்டு."

"அங்கி கொடுத்தவர் பேர் இருக்கும்னு இவர் சொல்லுவாரே?"

"பேர் இருக்கவேண்டிய எடம் இருக்கு. பேரு இல்ல." அவர் நிமிர்ந்தார். போனிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக நேரே நாற்காலியைப் பார்த்தார். அவர் வலது கை மேலே எழும்பி நெஞ்சில் பதிந்தது. தலை தாழ்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் கையைத் தானே பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

"நான் அப்புறம் வர்றேன் மேடம்."

"ஒரு கை பிடியுங்கோளேன். அவரை உட்கார வச்சுட்டுப் போயிடுங்கோ."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு ருக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. போக முடிந்தவர் போனார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பிசான நெல் நடவுக்கான ஐப்பசி மழை, நாள் கணக்கில் விடாது. வெளிச்சம் நாலு மணிக்கே செத்துப்போய், கூடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். ஓட்டு விளிம்பிலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம், ஆற்றுப் பக்கமிருந்து வருகிற வண்டல் வாடை, அதையெல்லாம் மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு மேலே எழும்புகிற அந்த மெழுகுப் புகை வாடை. ருக்கு புண்ணுக்குக் கட்டு மாற்றத் தரையில் குந்தினாள். அப்போதுதான் வேட்டியைப் பார்த்தாள். காலையில் கணுக்காலுக்கு மேலே நின்ற வேட்டி இப்போது தரையில் புரண்டு கிடந்தது. அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து இடுப்பில் தொட்டாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

சட்டைக் கை விரல் நுனிவரை இறங்கியிருந்தது. மூக்குக் கண்ணாடி காதில் நிற்காமல் மூக்கு நுனியில் தொங்கியது.

அவள் எழுந்து நின்றாள். அவர் ஆறடி ஆள். இத்தனை வருஷமும் அவரிடம் பேச அவள் அண்ணாந்து பார்க்கவேண்டும். இப்போது அவள் கண்ணுக்கு நேரே அவர் கண் இருந்தது.

நாற்காலியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அதன் முதுகுக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. காலண்டரின் கீழ்ப்பாதி தெரியவில்லை. நாற்காலியின் முதுகு அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ருக்கு வெளியே ஓடினாள்.

எதிர்வீட்டுக் கொம்பையா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி மகன் மாரிராஜும் கூட இருந்தான். கங்கைகொண்டான் கம்பெனி ஒன்றில் மூட்டை ஏற்றுகிறவன், ஆள் காளை மாதிரி. அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் போடுங்கள், மழையில் கிடந்து அழுகட்டும் என்றாள். ஏன் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

"இதுக்குப் போயா மாமி இப்படிப் பதறுதிய," என்றார் கொம்பையா. "ஏலே மாரி, நீ அங்கன புடி. நான் இங்கன புடிக்கேன். பைய தூக்கு."

இருவரும் கைப்பிடிகளுக்கு அடியில் கை கொடுத்தார்கள். மாரிராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலி அசையவில்லை.

"பெரியப்பா, ஆளு உக்காந்திருக்க மாதிரில்லா கனக்கு."

"சும்மா கெட லே, தூக்கு."

மறுபடி முயன்றார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, யார் இது என்று குனிந்து பார்த்தால் அப்படித்தான் சத்தம் வரும். கொம்பையா கையை எடுத்தார். மாரிராஜும் எடுத்தான். இரண்டு பேரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பின்பக்கமாகவே நடந்தார்கள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, படியிறங்கி.

வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நின்றுவிட்டார்கள். மழை தலையில் கொட்டியது. கொம்பையா கையில் ஆட்டோவின் இரும்புக் கம்பி இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று ருக்குவுக்குத் தெரியவில்லை.

"கொம்பையா," என்றாள்.

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர்களைத் தாண்டி வெளியே போகப் பார்த்தாள். கம்பி குறுக்கே வந்தது. முரட்டுத்தனமாக இல்லை, அடக்கமாக, மரியாதையாகத்தான் வந்தது. உத்தரவு இல்லாமல் போகக்கூடாது என்கிற மாதிரி.

கரண்டு போயிற்று.

உள்ளே ஏதோ மெல்ல வீசுகிற சத்தம். விஷ். விஷ். ருக்கு சுவரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். முத்துராணி எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. நாற்காலியின் பக்கத்தில் நின்று, அடுப்படிப் பனையோலை விசிறியால், காலி நாற்காலிக்கு வீசிக்கொண்டிருந்தாள். அவள் தலை நாற்காலியின் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

வாயாடி முத்துராணி. வாய் இறுக மூடியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கை நிற்கவில்லை.

அப்போது ருக்குவுக்கு முழுசாகப் புரிந்தது. விசிறி பிடிப்பவள் வந்தாயிற்று. காவலாள் வந்தாயிற்று. கைகட்டி நிற்கிற பிரபு நேற்றிலிருந்து நிற்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் உதவிக்கென்று ஆளைக் கூப்பிட்டாள். அலி அக்பர் ஒருவர் போக, வீட்டுக்குள் வந்த ஆளையெல்லாம் அந்தப் படம் தனக்கு எடுத்துக்கொண்டது. சபையைக் கூட்டியது வேறு யாரும் இல்லை, அவள்தான்.

சுந்தர்ராமனைத் தேடினாள். ஒரு கணம் அவர் இல்லை என்றே நினைத்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

சட்டைக்குள் மூழ்கி, வேட்டிக் குவியலின் நடுவே, ஐந்து வயதுப் பிள்ளை உயரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் அவர் முகம்தான். நரைத்த மீசை, நெற்றிச் சுருக்கம், நேற்று காலையில் இட்டுக்கொண்ட சந்தனக் கீற்று. எல்லாம் இருந்தது, குட்டியாக. கண்ணாடி கீழே விழுந்து கிடந்தது. புண் மட்டும் குறையவில்லை. பாதம் சிறுத்துவிட்டது, புண் சிறுக்கவில்லை. பாதத்தில் பாதி அதுதான்.

"ருக்கு," என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கால் வலிக்கிறதுடி. நிக்க முடியலை."

இரண்டு நாளில் அவர் சொன்ன முதல் சொந்த வார்த்தை. ருக்கு அவரை வாரித் தூக்கிக்கொள்ளப் பாய்ந்தாள். தூக்க முடியவில்லை. தரையில் முளைத்த மாதிரி இருந்தார். சால்வையைப் பிய்த்து எறியலாம் என்று நாற்காலிப் பக்கம் திரும்பினாள். ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. கழுத்து குனிந்தது. நிமிர்த்தினாள். குனிந்தது. முதுகு வளைந்தது. அவள் வளைக்கவில்லை. கை நீளவில்லை.

மேலே எங்கேயோ, உத்தரத்துப் பக்கம், யாரோ மூச்சு விட்டார்கள். மெழுகுப் புகை வாடை.

நாற்காலியின் கால் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

வழி ஒன்றுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் வாயாலேயே சொன்னதுதான். வாங்கிக்கொண்டவன் நிற்கவேண்டும். மனசு வைத்து உட்காரச் சொன்னால் உண்டு. கேட்டால் ஒருவேளை. கேட்காமல் இருந்தால் நின்றே சாவார். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வீடு வேண்டாம், தான் வேண்டாம். அந்தக் கால் தரையிலிருந்து எழும்பவேண்டும், அவ்வளவுதான்.

ருக்கு முட்டி போட்டாள். உள்ளங்கை தரையில் பதிந்தது. நெற்றியை மொசைக்கில் வைத்தாள். குளிர்ந்திருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஈரம் புருவத்தில் பட்டது.

"அவரை உட்கார வையுங்கோ," என்றாள். "வேற ஒண்ணும் கேட்கலை. உட்கார வையுங்கோ, போறும்."

விசிறி நின்றது.

மழை மட்டும்.

பிறகு பட்டு உரசுகிற சத்தம். கனமான பட்டு. நாற்காலி ஒரு தரம் முனகிற்று, ஒருவர் ஒதுங்கி இடம் செய்வதுபோல.

நெற்றியை எடுக்க முடியவில்லை. கண்ணை மட்டும் மேலே ஓட்டினாள். சுந்தர்ராமனின் கால் நகர்ந்தது. நடந்தார். வேட்டி பின்னால் தங்கிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஈரம் பதிந்தது. நாற்காலியின் கீழே போய் நின்றார். அண்ணாந்தார். இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். தூக்கச் சொல்லுகிற குழந்தை.

தூக்கியது.

ஆள் இல்லை. கை இல்லை. அக்குளில் சட்டை மடங்கியது, அழுந்தியது. அவர் மேலே போனார். கைப்பிடியைத் தாண்டிப் போனார். உட்கார்ந்தார்.

பலகையில் இல்லை. பலகைக்கு ஒரு முழம் மேலே, வெறும் காற்றில், ஒரு மடி இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் தொங்கின. புண் தரையைத் தொடவில்லை. அவள் கேட்டது அதுதானே.

விஷ். விஷ். விசிறி மறுபடி வீசத் தொடங்கிற்று.

கைப்பிடிகளின் மேல் கிடந்த சால்வையின் முனைகள் எழும்பின. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவர் மார்பின் மேல் வந்து சேர்ந்தன. அதில் ஒரு முனை அவர் தொடையில் மெல்லத் தட்டியது. தூங்க வைக்கிற மாதிரி. தட்டியது. தட்டியது.

"ருக்கு," என்றார் அவர். "இறக்கி விடச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். வாய்க்குள் தரையின் குளிர்ச்சிதான் இருந்தது. அவர் இடுப்பை நெளித்து, ஒரு காலைக் கீழே நீட்டி, மடியிலிருந்து சறுக்கி இறங்கப் பார்த்தார். சால்வை விடவில்லை.